கைராசிக்காரி

நவம்பர் 3, ஞாயிறு

சுபத்ரா அம்மா ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது இந்த மில் டைரியை என் கையில் திணித்து, "பஞ்சவர்ணம், நாய்ங்க என்ன தின்னுச்சு, எத்தனை கிராம்னு தெனமும் எழுதி வெச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முன்பக்கத்திலிருந்து அதை எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். இரண்டும் நடுவில் முட்டிக்கொள்வதற்குள் ஊருக்குப் போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கறி வரும் நாள். கோழிக்கறி, கோழிக்கழுத்து, ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். எல்லாவற்றையும் பச்சையாகவே அரிந்து, தராசில் நிறுத்து, டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் அடுக்க வேண்டும். நூறு பங்கில் எண்பது சதை, பத்து எலும்பு, பத்து ஈரல் வகையறா. அதற்கு மேல் பூசணிக்காய் மசித்து ஒரு கரண்டி. உப்பு, வெங்காயம், பூண்டு மூன்றும் வாசற்படி தாண்டக் கூடாது. டியூக் என்று ஒன்று. முயல்குட்டி அளவு உடம்பை வைத்துக்கொண்டு ஜமீன்தார் மாதிரி அதட்டும். லில்லி என்று இன்னொன்று. பதினொரு வயது, முகமெல்லாம் முடி, பல்லில் பாதி இல்லை. அவளுக்குக் கொத்துக்கறியாகப் போட வேண்டும். வேக வைத்தால் சத்துப் போய்விடுமாம். நாற்பத்தேழு வருஷமாக வெந்ததையே தின்று நான் எப்படி உயிரோடு இருக்கிறேனோ தெரியவில்லை.

சமையலறை மூலையில் காமிரா இருக்கிறது. அம்மா சிட்னியில் உட்கார்ந்தபடி அதில் பார்ப்பார்கள், அதிலேயே பேசுவார்கள். முதல் வாரம் குரல் கேட்கும்போதெல்லாம் கத்தியைக் கீழே போட்டுவிடுவேன். இப்போது பழகிவிட்டது.

மத்தியானம் மகள் நாகஜோதி போனில் பேசினாள். ஒன்பதாம் மாதம் நடக்கிறது. "எம்மா, எப்ப வர்றே?" என்றாள். பதினைந்தாம் தேதி அம்மா வந்துவிடுவார்கள், பதினாறாம் தேதி பரமக்குடியில் இருப்பேன், உன்னை நம் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவேன் என்றேன். தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில்தானே நடக்க வேண்டும்? வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போயிருக்க வேண்டிய பெண். அழைத்துப் போக வேண்டியவள் கோயம்புத்தூரில் கோழிக்கழுத்து நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

டியூக் தொண்ணூறு கிராம், லில்லி நூற்றைம்பது. பின்கட்டில் சலவைக்கல் பக்கம் என் வேலையை முடித்துவிட்டு வந்து ஊட்டினேன். ஒரு துணுக்கு மிச்சமில்லை. காமிராவிலிருந்து, "கைராசிக்காரி!" என்றார்கள் அம்மா. சிரித்து வைத்தேன்.

நவம்பர் 7, வியாழன்

நாகஜோதிக்கு ரத்தம் குறைவாக இருக்கிறதாம். சுவரொட்டி வாங்கிச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டில் கறிக்கடைக்குப் போய் வர ஆண்துணை இல்லை. மாப்பிள்ளை லாரியோடு போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். அப்போது என் கையில் இருந்தது சுவரொட்டிதான். டியூக்குக்கு ஒன்பது கிராம்.

நவம்பர் 9, சனி

அம்மா வரவில்லை. பொங்கலுக்கு அப்புறம்தான் வருவார்களாம்.

அவர்கள் சிட்னிக்குப் போனதே மகள் பிரசவத்துக்குத்தான். குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் பொறுத்து, "அம்மா, எம் பொண்ணுக்கும் டிசம்பர் முதல் வாரம்னு தேதி குடுத்திருக்காக" என்றேன்.

"தெரியும் கண்ணு. ஆனா நீ இல்லாட்டி இதுக வாயைத் தொறக்காதே. போன மே மாசம் ரெண்டு நாள் ஊருக்குப் போனே, லில்லி மஞ்சத்தண்ணியா கக்கிட்டுப் படுத்துட்டா. மறந்துட்டியா?"

மறக்கவில்லை என்றேன்.

"ஒண்ணு பண்ணு. தோட்டத்துல இருந்து துளசிமணியை அனுப்பறேன். பழக்கி விடு. மூணு நாள் சேர்ந்தாப்புல அவ கையில சாப்பிட்டுதுன்னா நீ தாராளமா கெளம்பு. நான் பாத்துட்டே இருப்பேன்."

நியாயம்தான். மகள் பிள்ளை பெறும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிகிறது. அவர்கள் மகளுக்கு என்று வரும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நவம்பர் 11, திங்கள்

துளசிமணி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் அம்மாவின் தோப்பில் வேலை பார்த்தவள். மாட்டுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறாளாம். ஃப்ரீசரைத் திறந்து காட்டியதும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, இதைப் பச்சையாவா போடறது? நரிக்குப் போடற மாதிரி?"

"நரிக்கெல்லாம் கிராம் பாத்துப் போட மாட்டாக தாயி" என்றேன். நெடுநாள் கழித்து இரண்டு பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம் சமையலறையில் கேட்டது. டியூக் ஓடி வந்து அதட்டிவிட்டுப் போனான்.

அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முந்தின நாளே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்க வேண்டும். கழுத்தெலும்பைப் பச்சையாகத்தான் தர வேண்டும். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சைக்கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி, முடிந்ததும் வெந்நீர். எல்லாமே சொல்லிக் கொடுத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

துளசிமணி ஊட்டினாள். இரண்டும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தன. பிறகு நான் ஊட்டினேன். தின்றன.

நவம்பர் 14, வியாழன்

மூன்று நாளும் அதே கதை. துளசிமணி கொஞ்சுகிறாள், கெஞ்சுகிறாள், "சாமி, தங்கம், ஒரு வாய்" என்று தரையில் படுத்தே பார்த்துவிட்டாள். லில்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "எனக்கு அந்த ராசி இல்லீங்க்கா" என்று துளசிமணி கண்கலங்கினாள். ராசி எல்லாருக்கும் வந்துவிடாது என்று நான் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

நவம்பர் 15, வெள்ளி

இன்று அம்மா வந்திருக்க வேண்டிய நாள். எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூடப் பொய் சொன்னால் அப்புறம் எங்கேதான் உண்மை பேசுவது?

என் கையில் ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. சலவைக்கல்லுக்குப் பின்னால் ஒரு பவுடர் டப்பா ஒளித்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது நெத்திலிக் கருவாட்டுப் பொடி.

இந்த வீட்டில் கறி உண்டு, கருவாடு கிடையாது. அந்த வாடை வந்தாலே அம்மாவுக்குத் தலைவலி. எனக்கோ அது இல்லாமல் சோறு இறங்காது. நாகஜோதி வறுத்து இடித்துப் பொட்டலம் கட்டி அனுப்புவாள். நான் பின்கட்டில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகத் தொட்டுக்கொள்வேன். போன வருஷம் யார் பேச்சையோ கேட்டு நாய்களைப் பச்சைக்கறிக்கு மாற்றினார்கள். நாலு நாள் இரண்டும் பட்டினி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று, நாய் வளர்ப்பில் படித்த ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்கள். "இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்க" என்று என்னிடம் சொல்லியும் விட்டார்கள். அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுச் சரியாகக் கை கழுவாமல் வந்து கறியை நீட்டினேன். லில்லி என் விரலை நக்கினாள். அப்புறம் கறியை விழுங்கினாள். டியூக்கும் வந்தான். அம்மா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என்ன கைராசிடி உனக்கு!" என்றார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கருவாட்டுக்குத் திட்டு விழும் என்று பயந்து சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது இல்லை. மறுநாள் முதல் வேண்டுமென்றே போட்டேன். முதலில் விரலில் தடவினேன், பிறகு கறியிலேயே அரைக் கரண்டி, இப்போது ஒரு கரண்டி. அந்தப் படித்த பெண் வரவேயில்லை. நான் இல்லாமல் இந்த வீட்டில் ஆகாது என்று ஆனது. ஆக்கினேன்.

நன்றாகத்தான் ஆக்கியிருக்கிறேன். இப்போது என்னாலேயே வெளியே போக முடியவில்லை.

நவம்பர் 16, சனி

ஒரு வழி தோன்றியது. டப்பாவைத் துளசிமணியிடம் கொடுத்து, "யாருக்கும் சொல்லாதே தாயி" என்று சொல்லிவிட்டால் போதும். மூன்றே நாளில் நான் பஸ் ஏறிவிடலாம். திங்கட்கிழமை சொல்லப்போகிறேன். இன்று துணியெல்லாம் துவைத்துப் பையில் மடித்து வைத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

சொல்ல முடியவில்லை.

லில்லி காலையிலிருந்து தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். நானும் துளசிமணியும் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்திருக்கிறது. "சாப்பாட்டுல உப்பு ஏதாவது சேருதா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லங்க டாக்டர்."

"கொஞ்சங்கூட?"

"இல்லங்க."

துளசிமணியும் பக்கத்தில் நின்று, "அக்கா கிராம் பாத்துத்தானுங்க போடறாங்க" என்றாள். இனிமேல் பச்சைக்கறி வேண்டாம், வேக வைத்த கோழியும் குழைந்த சோறும் பூசணிக்காயும் கொடுங்கள், உப்பு ஒரு கல் போனாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னார். வரும் வழியில் லில்லி என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். என் விரலை நக்கிக்கொண்டே தூங்கினாள்.

நவம்பர் 19, செவ்வாய்

டப்பாவைத் தொடவில்லை. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். கோழியை வேக வைத்து, நார் நாராகப் பிய்த்து, சோற்றோடு பிசைந்தேன். வெந்த கோழியின் வாசம் வீடெல்லாம் வந்தது. துளசிமணி ஊட்டினாள், லில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காமிராவிலிருந்து, "நீ ஊட்டு பஞ்சவர்ணம்" என்றார்கள்.

ஊட்டினேன். லில்லி என் கையை முகர்ந்தாள். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு எல்லாம் முகர்ந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி. வாயைத் திறக்கவில்லை.

"என்னாச்சு உன்ற கைக்கு?" என்றார்கள் அம்மா.

நவம்பர் 21, வியாழன்

டியூக் பசி தாங்காமல் துளசிமணி வைத்த கறியைத் தின்றுவிட்டான். ஜமீன்தார் மானம் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. லில்லிக்கு மூன்றாம் நாள் பட்டினி. டாக்டர் டிரிப் ஏற்றினார். முன்னங்காலில் முடியைச் சிரைத்து ஊசி குத்தியபோது அவள் கத்தக்கூட இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

தப்புப் பண்ணிவிட்டேன். பின்கட்டுக்குத் தூக்கிப் போய் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தேன். தட்டை நக்கி நக்கித் தின்றாள். அவள் வாலாட்டுவதைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பினால் கதவில் துளசிமணி நிற்கிறாள். டப்பாவைப் பார்த்தாள், மோந்தாள். மாட்டுக்காரிக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து டப்பாவை வாங்கிச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். நாகஜோதி நிறைவயிற்றோடு அடுப்பு முன்னால் நின்று வறுத்தது. அந்த வாடை அவளுக்குக் குமட்டுமாம், ஆனாலும் தன் அம்மாவுக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அனுப்பினாள்.

நவம்பர் 24, ஞாயிறு

காமிரா முன்னால் நின்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பா, கருவாடு, டாக்டரிடம் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. சொன்னால் விடுவிப்பார்கள் என்று நினைத்தேன். திட்டித் துரத்துவார்கள், துரத்தினால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம்.

அம்மா திட்டவில்லை. "கெடுத்தவதான் சரி பண்ணோணும்" என்றார்கள். "லில்லி சாப்பிடோணும். துளசிமணி கையில, மூணு நாள். அதுக்கு முன்னால நீ கேட்டைத் தாண்டினா அவ சாவு உன் தலையில. திரும்பி இந்தப் பக்கம் வரவும் வேண்டாம்."

டாக்டருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்களாம். அதுவரை நல்லது.

நவம்பர் 25, திங்கள்

"ஏனுங்க்கா, கேட்டு தொறந்துதானுங்க கெடக்குது" என்றாள் துளசிமணி. "புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. போங்க. நான் பாத்துக்கறேன்."

"லில்லி?"

"விட மாட்டேங்கறது லில்லியா, இல்ல நீங்களா?"

சுருக்கென்று கோபம் வந்தது. பலகையைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நாகஜோதியின் மாமியார் கெட்டிக்காரி. வளைகாப்புக்குப் போனபோது எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும், "நீங்க உக்காருங்க மதினி, நான் பாத்துக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே நான் விருந்தாளி. என் வீடோ பூட்டிக் கிடக்கிறது, கூரையில் ஒழுகல். இங்கேயாவது நான் இல்லையென்றால் இரண்டு ஜீவன் சாப்பிடாது என்று இருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

துளசிமணி ஒரு காரியம் சொன்னாள். கன்று பால் மறக்க வேண்டுமென்றால் தாயைக் கண்ணில் காட்டக் கூடாதாம். அதனால் லில்லியின் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஸ்டோர் ரூமில் வைத்து வெளியே தாழ் போட்டாள். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். லில்லி கதவைப் பிறாண்டினாள். நான் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அரை மணி நேரம் பிறாண்டினாள்.

நவம்பர் 27, புதன்

ஸ்டோர் ரூம், இரண்டு வேளையும். தினமும் ஏறும் டிரிப் போக, இன்று கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் நக்கினாளாம்.

நவம்பர் 28, வியாழன்

நாகஜோதி பேசினாள். "கால் வீங்கிருச்சும்மா" என்றாள். இன்னும் மூன்றே நாள்தான் தாயி என்றேன். "சரிம்மா" என்றாள். முன்னெல்லாம் சண்டை போடுவாள். இப்போது சரி என்கிறாள்.

நவம்பர் 29, வெள்ளி

நாற்பது கிராம்! துளசிமணி கையிலிருந்து! கதவைத் திறந்துவிட்டுச் சொன்னாள். அவள் புறங்கையெல்லாம் எச்சில். காமிராவில் அம்மாவும் பார்த்துவிட்டார்கள். "இது ஒண்ணாம் நாள்" என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. மூட்டை மேல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30, சனி

அறுபத்தைந்து கிராம். இரண்டாம் நாள். கதவைப் பிறாண்டவில்லை. நாளை ஒரு நாள் போனால் திங்கட்கிழமை விடியற்காலைப் பஸ்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் போன். மாமியார் பேசினாள். "பேத்தி பொறந்திருக்கா மதினி. விடியக்காலை நாலு மணிக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

வலி எப்போது எடுத்தது என்று கேட்டேன். நேற்று மத்தியானமே எடுத்துவிட்டதாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஜோதிதான் வேண்டாம்னுச்சு. அம்மாவால வர முடியாது, சொன்னா அங்க கெடந்து தவிக்கும்னுச்சு."

நாகஜோதியிடம் கொடுக்கச் சொன்னேன். தூங்குகிறாள் என்றாள். குழந்தை எவ்வளவு எடை என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் இருந்து இருந்து அதுதான் முதலில் வாயில் வருகிறது. இரண்டு கிலோ அறுநூறு என்றாள்.

கறிக்காரர் வந்து கூடையை வைத்துவிட்டுப் போனார். பிரிக்கவில்லை. டியூக் காலடியில் வந்து அதட்டினான். போன மாதம் ஊசி போட்டபோது அவனுக்கும் ஏறக்குறைய அந்த எடைதான் சொன்னார்கள். குனிந்து தூக்கினேன். ஒரு கையைத் தலைக்குக் கீழே கொடுத்து, இன்னொரு கையை இடுப்புக்குக் கொடுத்து, பச்சைப்பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். குரைக்காமல் கிடந்தான். இவ்வளவுதான் இருப்பாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிடுவாள்.

"பஞ்சவர்ணம்? டியூக்குக்கு என்னாச்சு?" என்றது காமிரா.

"ஒண்ணுமில்லம்மா. கனம் பாக்குறேன்."

"எதுக்கு?"

"எம் பேத்தி பொறந்திருக்கா. இம்புட்டுத்தானாம்."

அம்மாவின் பேத்தி இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள், கையில் தரவில்லை. அது எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும். நான் டியூக்கை இறக்கிவிட்டு, கை கழுவி, பையை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தேன். துளசிமணி லில்லியின் தட்டோடு வந்து நின்றாள். பையைப் பார்த்தாள். ஸ்டோர் ரூம் கதவை என் முன்னாலேயே சாத்தினாள், நான் வெளியே இருக்க.

"இன்னிக்கு மூணாம் நாள்" என்றார்கள் அம்மா, மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, "லில்லி சாப்பிட்டாளா?" என்றார்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"துளசிமணிகிட்டக் கேளுங்கம்மா" என்றேன்.